கொக்கி எட்டாத சங்கிலி

என் மகளுக்கு ஆறு வயதில் கழுத்து வீங்கியது. பொன்னுக்கு வீங்கி என்று நானே முடிவு செய்து, காதுகுத்துக்கு வந்த சின்னத் தங்கச் சங்கிலியை அவள் கழுத்தில் மாட்டினேன். எங்கள் ஆறுமுகநேரியில் எல்லாரும் செய்வதுதான். காய்ச்சல் வந்து வந்து போனது. வலியில்லையே என்று மூன்று வாரம் இருந்துவிட்டேன்.

ஒருநாள் குளிப்பாட்டிவிட்டுத் திரும்ப மாட்டினால், சங்கிலியின் கொக்கி எட்டவில்லை. இழுத்து இழுத்துப் பார்த்தேன். வாசலுக்கு மீன் கொண்டுவந்த அக்கா, கூடையை இறக்கிவிட்டு மகளின் கழுத்தைத் தடவினாள்.

"ஏளா, பொன்னுக்கு வீங்கி இத்தன நாளா நிக்கும்? கட்டி கட்டியால்லா இருக்கு! இப்பவே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ."

அன்றே தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினேன்.

"எத்தனை நாளா இருக்கு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"நாலு நாளாத்தான்" என்றேன். அவ்வளவு வெட்கம்.

"இல்ல டாக்டர், பரீட்சைக்கு முன்னாடியே இருக்கு" என்றாள் மகள்.

ஒரு கட்டியை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை புற்றுநோய் என்ற சொல்லை வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

புற்றுநோய் இல்லை. குழந்தைகளின் நிணநீர்க் கணுக்களை வீங்கவைக்கும் அபூர்வ நோயாம். பெரும்பாலும் தானாக வடிந்துவிடும், ஆனால் தவறாமல் வந்து காட்ட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

வீக்கம் வடிந்து ஒரு வருடம் ஆகிறது. சங்கிலி பீரோவில் இருக்கிறது. தினமும் தலை வாரும்போது என் விரல்கள் அவள் கழுத்துக்குப் போய்விடுகின்றன. அவளே முடியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள்:

"பாத்துட்டியாம்மா? பள்ளிக்கூடம் போகட்டுமா?"