இஸ்தோப்புக்கு இலக்கம் இல்லை

என் மேசை லாச்சியில் ஓர் அடிமட்டம் கிடக்கிறது. மரத்தாலானது, ஒரு முனை தேய்ந்து வட்டமாகிவிட்டது. நான் முன்பு வேலை பார்த்த தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் நலன் பார்த்த வெல்பெயார் மிஸ்ஸினுடையது. அச்சடித்த எதையும் அவர் வரிக்குக் கீழே அதை வைத்து, இறக்கி இறக்கித்தான் வாசிப்பார். எனக்கு எரிச்சலாக வரும். கணினி கொடுத்ததை அடிமட்டம் வைத்தா சரிபார்ப்பது என்று முகத்துக்கு நேரே கேலி செய்திருக்கிறேன்.

லயம் என்கிற வரிசைக் குடியிருப்புகளில் இருப்பவர்களுக்குக் கட்டும் புதிய தனிவீடுகளுக்கான பெயர்ப் பட்டியலை எக்ஸ்எம்எல் கோப்பாக அனுப்பச் சொல்லியிருந்தார்கள் வீடமைப்பு அலுவலகத்தில். வெள்ளிக்கிழமை நாலு மணிக்குமேல் எந்தப் பெயரும் ஏறாது. எங்கள் தரவுத்தளத்தில் ஆட்கள் ஓர் அட்டவணையில், வீடுகள் இன்னொன்றில். வீட்டு இலக்கந்தான் இரண்டையும் சேர்க்கும் கயிறு. எக்ஸ்எம்எல்லில் லயத்துக்குள் வீடு, வீட்டுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் ஆள் என்று ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கவேண்டும். அரை நாளில் முடித்துவிட்டேன். பிழை என்று ஒரு வரிகூட வரவில்லை. தலைகால் புரியாத பெருமை எனக்கு.

வெள்ளி காலை மிஸ் அதை அச்சடித்துத் தரச் சொன்னார். அடிமட்டம் பத்தாம் நம்பர் லயத்தில் நின்றுவிட்டது.

"தம்பி, தொங்க காம்பரா குடும்பம் இருக்கு. அவங்க இஸ்தோப்புல இருக்காங்களே, மகன் குடும்பம், அவங்க எங்க?"

தொங்க காம்பரா என்றால் லயத்தின் கடைசி அறை. இஸ்தோப்பு என்பது லயக் காம்பராவின் முன்னால் உள்ள ஒடுங்கிய இடம். மகனுக்குக் கல்யாணமானால் சாக்குப் படுதா கட்டி அங்கேதான் குடிவைப்பார்கள். அதற்குத் தனி இலக்கம் கிடையாது. இலக்கம் இல்லாதவர்களை நான் எழுதிய நிரல் சத்தமில்லாமல் கழித்துவிட்டிருந்தது.

"இஸ்தோப்பு வீடு இல்லையே மிஸ்" என்றேன்.

"அதத்தானே நாங்களும் சொல்றோம். வீடு இல்லாததுனாலதானே வீடு கேக்குறாங்க."

அவர் குரலை உயர்த்தவே இல்லை. எனக்குத்தான் காது சுட்டது. எண்ணிப் பார்த்தால் பதினேழு குடும்பங்கள். மிஸ் பகல் சாப்பாட்டுக்கும் போகாமல் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பெயராகச் சொன்னார். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இலக்கமில்லாத ஒரு வீட்டைக் கோப்பில் திறந்து, ஆட்களை உள்ளே வைத்தேன். மூன்றே முக்காலுக்குக் கோப்பு போனது. பதினேழு குடும்பமும் பட்டியலில் ஏறியதாகப் பதில் வந்தபோது மிஸ் அடிமட்டத்தைத் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டு, "சரி தம்பி, டீ குடிப்போமா?" என்றார்.

இப்போது எனக்கு ஹட்டன் டவுனில் வேலை. மிஸ் ஓய்வுபெற்று வலப்பனையில் மகள் வீட்டில் இருக்கிறார். கடைசி நாளில் அடிமட்டத்தை என் மேசையில் மறந்துவிட்டுப் போனார். எந்தக் கோப்பையும் அனுப்புமுன் அச்சடித்து, அதை வரிக்கு வரி இறக்கிப் பார்க்கிறேன். கூட இருப்பவர்கள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். வலப்பனைக்கு ஒருநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாகவே இருக்கிறேன். கொடுக்கப் போனால், அன்று அவரிடம் சொல்லாமல் விழுங்கியதையும் சொல்லவேண்டியிருக்கும்: டயகம தோட்டத்தில் நான் பிறந்து வளர்ந்ததும் ஓர் இஸ்தோப்பில்தான்.