லீவர்தான் நடுங்குது

வலது கையால் இரண்டு லீவர்களையும் சேர்த்துப் பிடித்து, முன்னால் முட்டும்வரை தள்ளி, பின்னால் முட்டும்வரை இழுக்கிறார் எறும்பு சார். மறுபடி முன்னால். மறுபடி பின்னால். கணினித் திரையில் லீவருக்கு ஒன்றாக இரண்டு பச்சைப் பட்டைகள் ஏறி இறங்குகின்றன. சாப்பாட்டு மேசையின் ஓரத்தில் திருகு வைத்துப் பூட்டிய அந்தக் கறுப்புப் பெட்டிதான் விமானத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைப்பது. விமானம் என்றால் திரைக்குள் பறக்கிற விமானம். அதை ஓட்டுகிற நேரத்தைவிட லீவரைச் சரிசெய்கிற நேரம்தான் அதிகம். "இன்னைக்காவது கிளம்புமா, இல்ல நாளைக்குத்தானா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்பார். "பயணிகள் அமைதியா உக்காரவும்" என்பார் இவர்.

பகலில் இவருக்கு ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் எடுக்கிற வேலை. ஊசி குத்துவதற்கு முன்னால், "எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது, அந்தப் பக்கம் பாருங்க" என்பார். பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் பஞ்சு வைத்துக் கையை மடக்கிவிட்டிருப்பார். பெயர் அப்படி ஒட்டிக்கொண்டதுதான். மற்றவர்கள் குத்திக் குத்திப் பார்த்துக் கைவிட்ட கைகளெல்லாம் கடைசியில் இவரிடம்தான் வரும். பக்கத்து நாற்காலி காலியாக இருந்தாலும், "நான் எறும்பு சார்கிட்டயே எடுத்துக்கிறேன்" என்று காத்திருப்பவர்கள் உண்டு. அதில் இவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. இருக்கக் கூடாதா என்ன?

பெட்டி வந்த புதிதில் லீவரை முன்னால் தள்ளினால் இன்ஜின் அடங்கியது, பின்னால் இழுத்தால் அலறியது. எல்லாம் தலைகீழ். திரையில் ஒரு கட்டத்தில் டிக் போட்டால் சரியாகிவிடும் என்று கண்டுபிடிப்பதற்குள் சில விமானங்கள் வயலில் விழுந்தன. "ஒரு உயிருக்கும் ஆபத்தில்ல" என்று மனைவியிடம் அறிக்கை கொடுத்தார். பெரிய விமானத்தில் கேப்டனின் வலது கைதான் லீவரில் இருக்குமாம். அதனால் பெட்டி வலப்பக்கம்தான் இருந்தாக வேண்டும் என்று பிடிவாதம். தண்ணீர் ஜாடி ஜன்னல் விளிம்புக்குக் குடிபோனது.

கொஞ்ச காலமாகத்தான் இந்தத் தொல்லை. லீவரைப் பாதியில் நிறுத்திப் பிடித்தால் பட்டையின் நுனி துடிக்கிறது. தரையிறங்கும்போது இன்ஜின் உறுமி, அடங்கி, மறுபடி உறுமுகிறது. "லீவர்தான் நடுங்குது. மட்டமான சரக்கைத் தலையில கட்டிட்டான்" என்று கடைக்காரரைத் திட்டி, வேறு பெட்டி மாற்றி வந்தார். அதுவும் நடுங்கியது. "கையை எடுத்தா நின்னுடுது சார்" என்று கடைக்காரர் சொன்னதை இவர் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. டெட் ஸோன் என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. "அதைக் கூட்டி வச்சா, லீவர் லேசா அசைஞ்சாலும் இன்ஜின் கண்டுக்காது" என்று மனைவிக்கு விளக்கினார். வாராவாரம் அதைக் கூட்டிக்கொண்டே வந்தார். இன்ஜினும் கண்டுகொள்ளாமல் இருக்கப் பழகிக்கொண்டது.

அன்று மாலை அதுவும் போதவில்லை. ஓடுபாதை கண்ணெதிரே இருக்க, இன்ஜின் திணறியது. "இங்க வாயேன், இந்த அநியாயத்தை நீயே பாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பிடி. பாதியில நிறுத்து."

மனைவி பிடித்தார். பட்டை அசையாமல் நின்றது.

"இன்னும் லேசா பிடி."

அப்போதும் நின்றது. இவர் வாங்கிப் பிடித்தார், துடித்தது. மனைவி இப்போது திரையைப் பார்க்கவில்லை, கணவரின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, இது எத்தனை நாளா?"

"அசதிதான், வேறொண்ணும் இல்ல" என்று கையை மடிக்கு இழுத்துக்கொண்டார் எறும்பு சார். ஓட்ட ஆளில்லாத விமானம் புல்வெளியில் போய் விழுந்தது.

போன வாரம் ரத்தம் கொடுக்க வந்த ஒரு பெண் அவருக்கு நினைவுக்கு வந்தார். துணிக்கடையில் நாள் முழுக்க நிற்கிறவர். திரும்பத் திரும்பக் குத்தியும் ரத்தம் வரவில்லை, கை நீலம் பாய்ந்துவிட்டது. "நரம்பே கிடைக்கலையேம்மா, தண்ணியே குடிக்கிறதில்லையா?" என்று எறும்பு சார் அதட்ட, "மன்னிச்சுக்கங்க சார்" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தப் பெண். தப்பு யாருடையது, மன்னிப்புக் கேட்டது யார்! அதற்கு முன்னால் எத்தனை பேரோ. எல்லார் நரம்பின் மேலும் பழியைப் போட்டாயிற்று. முகம் தெரிந்தவர்களிடமாவது போய்ச் சொல்லலாம், மற்றவர்களை எங்கே தேடுவது?

"ஊசி பிடிக்க முடியலைன்னா நான் அங்க என்னதான் பண்றது?" என்று மனைவியிடம் கேட்டார். அவருக்கு வேறு வேலை தெரியாது. அந்தப் பெயரே அந்த வேலையால் வந்தது.

மறுநாள் காலை அவர் முன்னால் முதலில் வந்து உட்கார்ந்தவர் ஒரு லாரி ஓட்டுநர். ஆள் மலை போல இருந்தாலும் ஊசி என்றால் உதறல். கையை நீட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். எறும்பு சார் ரப்பர் பட்டையைக் கட்டினார். விரலால் தட்டி நரம்பைக் கண்டுபிடித்தார். நல்ல நரம்பு, குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊசியை எடுத்து, கொஞ்ச நேரம் அதன் முனையையே பார்த்துவிட்டு, தட்டில் திருப்பி வைத்தார்.

"சிஸ்டர், இவருக்கு நீங்க எடுங்க" என்று பக்கத்து நாற்காலியில் ரத்தம் எடுக்கிற பெண்ணைக் கூப்பிட்டு எழுந்தார்.

ஓட்டுநர் பதறிக் கண்ணைத் திறந்தார். "ஏன் சார், நீங்க எடுக்க மாட்டீங்களா?"

எறும்பு சார் வலது கையை ஓட்டுநரின் தோளில் வைத்தார். நடுக்கம் தெரிந்தால் தெரியட்டும் என்று எடுக்காமலே நின்றார்.