துரத்துப் பாட்டு

ஐரோப்பியச் சங்கீத வரலாற்றில் எங்கள் அம்மாவுக்கும் அத்தைக்கும் ஓர் ஓரமாக இடம் உண்டு என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். அந்த இடத்தை வாங்கிக் கொடுத்தவள் நான்தான், அதுவும் பத்து வயதில், ஒரே ஒரு பொய்யைச் சொல்லி.

கேமரன் மலையில், எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் கோவிலில் வெள்ளிக்கிழமைதோறும் பஜனை நடக்கும். அம்மா ஒரு வரி பாடி நிறுத்துவாள். அப்பாவின் தங்கையான அத்தை மற்றப் பெண்களோடு அதை வாங்கிப் பாடுவாள். அப்பா டோலக். வருஷக்கணக்காக இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அத்தை மகள் பெரியவளான சடங்கில் வந்தது வினை. முதலில் போகவேண்டிய தாய்மாமன் வீட்டுச் சீர்த்தட்டு மூன்றாவதாகப் போய்விட்டது. அன்றோடு அம்மா அத்தையிடம் பேச்சை நிறுத்தினாள்.

பேசாதவள் பாடியதை வாங்கிப் பாட அத்தைக்கு என்ன தலையெழுத்தா? அடுத்த வெள்ளிக்கிழமை அம்மா நிறுத்தாமல் இரண்டாம் வரிக்குப் போனாள். அத்தை, பாட்டைத் தானே தொடங்குவதுபோல, முதல் வரியிலிருந்து ஆரம்பித்தாள். அம்மாவும் விடவில்லை, அத்தையும் விடவில்லை. ஒருத்தி முன்னால் ஓட, இன்னொருத்தி ஒரு வரி பின்னால் கடைசிவரை வந்தாள். பெண்டாட்டிக்குத் தட்டுவதா தங்கைக்குத் தட்டுவதா என்று திண்டாடிய அப்பா, தாளம் ஒன்றுதானே என்று தலையைக் குனிந்துகொண்டு தட்டினார். மூன்று மாதம் இப்படியே போனது. பூசாரி பாவம், தீபாராதனையைச் சீக்கிரமே காட்டி முடித்துவிடுவார்.

அப்போதுதான் துரை பங்களாவுக்கு விருந்தாளியாக ஒரு வெள்ளைக்காரக் கிழவர் வந்திருந்தார். அவர் ஊரில் பழைய காலத்து மாதாகோவில் சங்கீதம் சொல்லித்தரும் வாத்தியாராம். ஒரு வெள்ளிக்கிழமை அந்தப் பக்கமாக நடந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்தபடி, பஜனை முடியும்வரை தூறலில் நின்றார். பிறகு எங்கள் கணக்குப்பிள்ளை, அதாவது கிராணி, பக்கத்தில் நிற்க ஏதேதோ சொன்னார். ஆதியில் சாமியார்கள் எல்லாரும் ஒரே குரலில்தான் பாடினார்களாம். அதோடு இரண்டாவது குரல் ஒன்றைச் சேர்க்கலாம் என்று தோன்றவே பல நூறு வருஷம் ஆனதாம். அப்புறம் வந்த பாட்டு எழுதுகிறவர்கள், ஒரு குரல் முன்னே போக, அதே பாட்டோடு இன்னொரு குரல் துரத்த, இரண்டும் எங்கேயும் முட்டாதபடி எழுதி எழுதி அடித்தார்களாம். அவர்களில் பாதிப்பேருக்குப் பெயர்கூட மிஞ்சவில்லையாம். இத்தனையையும் கிராணி சுருக்கித் தந்தார்.

“ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால அவங்க ஊருல மண்டைய ஒடைச்சிக்கிட்டு எழுதினத, இவங்க ரெண்டு பேரும் சும்மா பாடுறாங்களாம்லா. துரத்துப் பாட்டாம்.”

யார் யாரைத் துரத்துகிறார்களாம் என்று மட்டும் அம்மா கேட்டாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை கருவி கொண்டுவந்து பதிவு செய்து, தன் மாணவர்களுக்குப் போட்டுக் காட்டப்போவதாக அவர் சொல்லிவிட்டுப் போனார். அப்பா பிரிஞ்சாங் சந்தைவரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். மனுஷனைப் பிடிக்க முடியவில்லை. ஆனால் புகழ்ச்சி இரண்டு பேருக்கும் சேர்த்து வந்ததுதான் தப்பாகப் போயிற்று. அம்மாவும் அத்தையும் தானா ராத்தா டவுனுக்கு ஒன்றாகப் போய், ஒரே நிறத்தில் சேலை எடுத்து, வழியெல்லாம் பேசிச் சிரித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தார்கள்.

வெள்ளிக்கிழமை கோவில் நிறையக் கூட்டம். இருவரும் ஒரே பாயில் உட்கார்ந்து, ஒட்டிக்கொண்டு, ஒரே குரலாகப் பாடினார்கள். அவ்வளவு இனிமை. கிழவரின் முகம் தொங்கிப்போயிற்று. ஏதோ சொல்லிவிட்டு ஒலிவாங்கியின் வயரைச் சுருட்டத் தொடங்கினார்.

“நல்லாத்தான் இருக்காம்,” என்றார் கிராணி. “ஆனா இது ஆயிரம் வருஷத்துக்கு முந்தின பாணியாம்.”

இன்னும் ஒரே ஒரு பாட்டு கேளுங்கள் என்று அப்பா கெஞ்சினார். ஊரெல்லாம் சொல்லி வைத்த மனுஷனின் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. தேத்தண்ணி கொடுக்கிற சாக்கில் அத்தையிடம் போய்க் குனிந்தேன்.

“அத்தே, வெள்ளைக்காரரு அம்மா கொரலுக்காகத்தான் வந்தாராம். நீங்க சும்மா ஒப்புக்குப் பாடுறீங்கன்னு அம்மா சொல்லிச்சு.”

அத்தை தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு எதிர்த் தூணடியில் போய் உட்கார்ந்தாள். ஏன் என்று தெரியாமலே அம்மாவும் கோபித்துக்கொண்டு முகத்தைத் திருப்பினாள். அந்தத் திறமை எங்கள் குடும்பத்தில் எல்லாருக்கும் உண்டு.

அப்புறம் பார்க்கவேண்டுமே! அம்மா ஓட, அத்தை துரத்த, கிழவர் சுருட்டிய வயரை அவசரமாகப் பிரித்துப் பதிவைத் தொடங்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். அப்பா டோலக்கைப் பிளந்து கட்டினார். பாதிப் பாட்டில் பனிக்காற்று தொண்டையில் ஏறி அம்மாவுக்குக் குரல் அடைத்துவிட்டது. போச்சு, எல்லாம் போச்சு என்று நான் கண்ணை மூடிக்கொள்வதற்குள், பின்னால் வந்துகொண்டிருந்த அத்தை தன் வரியை அப்படியே விட்டுவிட்டு அம்மா விட்ட வரியைப் பிடித்தாள். அம்மா இருமி முடிக்கும்வரை முன்னால் நின்று பாடினாள். அம்மா திரும்பி வந்ததும் இடத்தைக் கொடுத்துவிட்டு, மறுபடி ஒரு வரி பின்னால் போய்க்கொண்டாள். அம்மாவின் பக்கம் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை.

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவ்வளவு கோபத்தில் இருக்கிறவள் எப்படி இதைச் செய்யலாம்? சொன்ன பொய்யில் காரம் போதவில்லை, அடுத்த தடவை இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லவேண்டும் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.