அத்தையின் வேனும் நான்கு ஹீட்டர் பிளக்குகளும்

அந்த வியாழக்கிழமை காலை நடந்தவை, நடந்த வரிசையில்:

1. ஐந்தே முக்காலுக்கு அத்தை சாவியைத் திருப்பினார். இன்ஜின் தடையில்லாமல் சுற்றியது, பற்றவில்லை.

2. மறுபடி திருப்பினார். பின்னாலிருந்து வெள்ளைப் புகை வந்தது. எரியாத டீசலின் வாடை.

3. நடவுக்குப் போக ஏறி உட்கார்ந்திருந்த பதினான்கு பெண்களும் இறங்கி, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வேனைத் தள்ளினார்கள்.

4. மாரியம்மன் கோயில் வரை தள்ளிய பிறகு வேன் இருமியது, உடம்பை உதறியது, ஓடியது.

5. மறுபடி ஏறும்போது பெரியக்கா கேட்டார்: "ஏண்டி, நம்மள நடவுக்குக் கூப்புட்டாங்களா, தேர் இழுக்கக் கூப்புட்டாங்களா?"

பெரியக்கா என்பவர் நடவுக்கு ஆட்களைச் சேர்த்து அழைத்துப் போகிறவர். யாருக்கும் உடன்பிறந்தவர் இல்லை, ஊருக்கே பெரியக்கா. அவர் கேட்டதற்கு எல்லாரும் சிரித்தார்கள், அத்தையும் சிரித்தார். ஆனால் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அவர் விரல்கள் வெளுத்திருந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ முடித்து, தஞ்சாவூரில் ஒரு சர்வீஸ் சென்டரில் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அப்பாவின் தங்கையான அத்தை வீட்டில் தங்கி, வெண்ணாற்றங்கரை வழியாகப் பேருந்தில் போய்வந்தேன். மாமா சிங்கப்பூரில் இருந்தார். கிளம்புவதற்கு முன் இரண்டு மாதம் அத்தைக்குத் தன் பழைய டீசல் வேனை ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். வாரம் ஒருமுறை எடுத்து ஓட்டினால் வண்டி கெடாது என்பதுதான் அவர் கணக்கு. அத்தை வாரம் ஏழு நாளும் ஓட்டினார். விடியலில் நடவு ஆட்களை வயலில் கொண்டுபோய் இறக்குவது, மதியம் திரும்ப அழைத்துவருவது, நடவு இல்லாத நாளில் விதைநெல்லோ வாழைத்தாரோ ஏற்றுவது. ஓட்டும்போது அவர் வாய் ஓயாது. குறுக்கே வரும் ஆட்டிடம் பேசுவார், மாட்டிடம் பேசுவார், பாலத்தில் ஒதுங்காத டிராக்டர்காரரிடம் சற்றுக் கூடுதலாகப் பேசுவார்.

மாமா ஒரே ஒரு விதி சொல்லிவிட்டுப் போயிருந்தார். வேனை வீட்டு வாசலில் நிறுத்தாதே, ஆற்றுக்கரை மேல் நிறுத்து, காலையில் சரிவில் உருட்டி கியரில் விடு, டீசல் மிச்சமாகும். அத்தை இன்னொரு காரணத்தையும் தாமாகவே சேர்த்துக்கொண்டார். ஐப்பசி மழையில் தெருவில் முழங்கால் தண்ணீர் நிற்கும். கரை மேல் நின்றால் வண்டிக்குள் தண்ணீர் ஏறாது. இதைவிட நியாயமான காரணம் எங்கள் பக்கத்தில் கிடையாது. பத்து மைல் போனாலும் தரை தட்டையாகவே கிடக்கும் ஊரில், இருந்த ஒரே சரிவில் அந்த வேன் மூன்று வருடம் குறையில்லாமல் கிளம்பியது. மதியம் சூடான இன்ஜின் சாவியிலேயே பற்றும். அதனால் யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை.

பிறகு கரையை உயர்த்தும் வேலை தொடங்கியது. சரிவு முழுக்கக் கருங்கல் ஜல்லியும் கம்பியும் குவிந்தன. வேன் வாசலுக்கு வந்தது, தள்ளும் படலமும் கூடவே வந்தது. கடைத்தெரு மெக்கானிக் பேட்டரியை மாற்றினார், அடுத்த வாரம் டீசல் பில்டரை மாற்றினார். அந்த வியாழக்கிழமை வயலில் இறங்கியதும் பெரியக்கா அத்தையைத் தனியாக அழைத்தார்.

"தங்கச்சி, கோவிச்சுக்காத. இடுப்பு ஒடிய நடணும், அதுக்கு முன்னாடி இடுப்பு ஒடியத் தள்ளணும்னா எவ வருவா? சனிக்கெழம வரைக்கும் பாக்குறேன். அப்பறம் மேலத்தெரு லோடு வண்டிக்குச் சொல்லிடுவேன்."

அத்தை இதை மாமாவிடம் போனில் சொன்னார். மாமா யோசிக்கவே இல்லை. "ஆளு போயிட்டா அப்பறம் வண்டி எதுக்கு? வித்துடலாம். மச்சான்ட்ட சொல்லி ஆளு பாக்கச் சொல்றேன்." அத்தை போனை வைத்துவிட்டு ஒரு வாளித் தண்ணீரும் துணியும் எடுத்துப்போய் வேனைத் துடைக்கத் தொடங்கினார். நானும் போனேன். கண்ணாடியைத் துடைத்தபடியே சொன்னார்: "கல்யாணமாகி இருவது வருசத்துல, நானா கெளம்பி நானா வீடு திரும்புறது இந்த மூணு வருசந்தான் பாப்பா."

நான் உள்ளே போய், மின்சாரம் வருகிறதா என்று எரிந்து காட்டும் டெஸ்ட் லாம்பை எடுத்துவந்தேன்.

இன்ஜின் நன்றாகச் சுற்றுகிறது, எனவே பேட்டரியில் குறையில்லை. டீசல் வெள்ளைப் புகையாக வெளியே வருகிறது, எனவே டீசல் உள்ளே போகிறது. குளிர்ந்திருக்கும்போது பற்றுவதில்லை, சூடேறியபின் பற்றுகிறது. மூன்றையும் சேர்த்தால் மிஞ்சுவது ஒன்றுதான். பாடப்புத்தகம் அதைக் குளோ பிளக் என்கிறது, பட்டறையில் ஹீட்டர் பிளக். ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஒன்றாக விரல் நீளத்தில் நான்கு இருக்கும். சாவி போட்டதும் முனை சிவக்கப் பழுத்து உள்ளறையைச் சூடாக்கும். அந்தச் சூடு இல்லாவிட்டால், இந்த மாதிரிப் பழைய இன்ஜின் நம் ஊர் மழைக்காலக் குளிருக்கே முரண்டு பிடிக்கும்.

நான்கையும் இணைக்கும் தகட்டைக் கழற்றினேன். டெஸ்ட் லாம்பின் ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவில் பிடித்து, மறுமுனையால் ஒவ்வொரு பிளக்கின் தலையையும் தொட்டேன். பிளக் உயிரோடு இருந்தால் விளக்கு எரியும். முதல் பிளக்: எரியவில்லை. இரண்டாவது: எரியவில்லை. மூன்றாவது எரிந்தது. நான்காவது எரியவில்லை. அத்தை டார்ச் பிடித்துக்கொண்டு, "நாலுல மூணு பொக்கையா?" என்று கேட்டார். வெள்ளிக்கிழமை வேலை முடிந்து வரும்போது நான்கு புதுப் பிளக் வாங்கிவந்து மாட்டினேன். சாவியைப் போட்டுப் பார்த்தேன். டாஷ்போர்டில் ஹீட்டர் பிளக்குக்கான மஞ்சள் விளக்கு எரிந்தது, சில நொடியில் அணைந்தது. இன்ஜின் பற்றியது. அது மதியம் ஓடிய சூட்டில் பற்றியது என்பது எனக்கு உறைக்கவில்லை. இரவு நன்றாகத் தூங்கினேன்.

சனிக்கிழமை விடியலில் தூறல். பதினான்கு பேரும் ஏறி உட்கார்ந்தார்கள். அத்தை சாமி கும்பிட்டுச் சாவியைத் திருப்பினார். வெள்ளைப் புகை. மறுபடியும் வெள்ளைப் புகை. பின்னாலிருந்து ஒரு குரல், "எறங்குங்கடி, தேரு நெலைக்கு வரல." பெரியக்கா மட்டும் சிரிக்கவில்லை. இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து போனை எடுத்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நான் பானெட்டைத் திறந்து, புதுப் பிளக்குகளையே வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். அத்தை இறங்கி வந்தார்.

"புதுசு மாட்டியாச்சு. சரி. அதுக்குக் கரண்டு வருதா?"

"மஞ்ச வெளக்கு எரியுதுல்ல அத்தை."

"வீட்டுல லைட்டு எரிஞ்சா போர் மோட்டாருக்கு மூணு பேஸும் வந்துருச்சுன்னு அர்த்தமா? மோட்டார் ஓடலன்னா மொதல்ல மோட்டாரயா பிரிப்போம்? கரண்டு வந்துருக்கான்னுதானே பாப்போம்?"

பம்புசெட் வைத்துப் பயிர் செய்யும் எந்த வீட்டிலும் எல்லாருக்கும் தெரிந்த விஷயம் இது. என் பாடத்திலும் முதல் படி இதுதான்: தகட்டுக்கு மின்சாரம் வருகிறதா என்று பார். மஞ்சள் விளக்கை நம்பி முதல் படியைத் தாண்டிப் போயிருந்தேன். இரண்டாவது படியிலேயே ஒரு பழுது கிடைத்துவிட்டதால், திரும்பிப் பார்க்கவும் தோன்றவில்லை. டெஸ்ட் லாம்பைத் தகட்டில் வைத்து அத்தையைச் சாவி போடச் சொன்னேன். எரியவில்லை. தகட்டிலிருந்து கிளம்பும் தடித்த ஒயரைக் கையால் தடவிக்கொண்டே போனேன். பேட்டரிக்குப் பின்னால் அது முடிந்துபோனது. பிளக்குகளுக்கு மின்சாரத்தைத் திறந்து மூடும் ரிலேயில் இருக்க வேண்டிய முனை கழற்றப்பட்டு, கறுப்பு டேப் சுற்றி, அழகாக மடித்துச் செருகப்பட்டிருந்தது.

யாரோ காரணத்தோடு கழற்றியிருக்கிறார்கள். காரணம் தெரியாமல் மாட்டுவதில்லை என்பது என் பழக்கம். ஆனால் பெரியக்கா போனைக் காதில் வைத்துவிட்டார். "அத்தை, கனமான ஒயரு ஏதாச்சும் இருக்கா?" என்றேன். மோட்டாருக்குப் போட்டு மிஞ்சிய கேபிள் துண்டோடு அத்தை கொல்லையிலிருந்து ஓடிவந்தார். ஒரு முனையைத் தகட்டில் முறுக்கினேன். மறுமுனையை பேட்டரியில் வைத்தேன். படக்கென்று பொறி பறந்தது.

"பத்து எண்ணிட்டு சாவியத் திருப்புங்க அத்தை."

அத்தை எண்ணவில்லை. எண்ணியது வேனுக்குள் இருந்தவர்கள். நெல் அளக்கும்போது ஒன்று என்று சொல்லாமல் லாபம் என்றுதான் இங்கே தொடங்குவார்கள். "லாபம்," என்றார் யாரோ. "ரெண்டு, மூணு," என்று மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள். எட்டு வரும்போது பெரியக்காவும் போனைக் கீழே இறக்கிவிட்டுச் சேர்ந்துகொண்டார். பத்தில் அத்தை சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்துக்கொண்டது. இருமல் இல்லை, உதறல் இல்லை, புகையும் ஒரு மூச்சோடு நின்றது. உள்ளே ஒருத்தி குலவையிட்டாள். நான் கேபிளை எடுத்துக் கீழே போட்டேன். 

பெரியக்கா போனில் யாரிடமோ, "ஒண்ணுமில்லப்பா, கை பட்டுருச்சு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அத்தை மாமாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டு, டேப் சுற்றிய ஒயரைக் காமிராவுக்கு முன்னால் தூக்கிப் பிடித்தார்.

"ஏங்க, இத நீங்கதான் கழட்டுனீங்களா?"

மாமா முதலில், சிக்னல் சரியில்லை என்றார். பிறகு சொன்னார்: "அது... ரிலே ஒட்டிக்கிட்டு விடவே இல்ல. பிளக்கெல்லாம் எரிஞ்சு, பேட்டரியும் எறங்கிருச்சு. அதான் கழட்டிவிட்டேன். ஒரு வாரத்துல வேற ரிலே போட்டுடலாம்னுதான்..."

"நீங்க போயி மூணு வருசமாச்சு."

"சரிவுல நிறுத்தச் சொன்னேன்ல?"

"டீசல் மிச்சம்னுல்ல சொன்னீங்க."

அத்தை சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு தாங்காமல் போனை என்னிடம் கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தார். மாமாவும் அங்கே சிரித்துக்கொண்டிருந்தார். விற்பது பற்றி அன்று அவர் பேசவில்லை. திங்கட்கிழமை புது ரிலே போட்டு, ஒயரை அதன் இடத்தில் மாட்டினேன். மாட்டுவதற்கு முன் எல்லாப் படிகளையும் முதலிலிருந்து பார்த்தேன்.

இன்றைய நிலவரம் இது. காலையில் பத்து நொடி பொறுத்தால் வேன் சாவியிலேயே கிளம்புகிறது. பெரியக்காவின் ஆட்கள் இப்போது பதினேழு பேர். மாமா போன மாதம் ஊரோடு திரும்பி வந்துவிட்டார். வந்த மறுநாள் விடியலில் ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தவரிடம் அத்தை, "அந்தப் பக்கம் ஏறுங்க," என்றார். அவர் சுற்றிவந்து ஏறிக்கொண்டார். வேனை அத்தைதான் ஓட்டுகிறார்.