கீறல் போன கல்யாண சிடி

பிரேசர் டவுனில் சிடி வாடகைக் கடை வைத்திருந்த என் மாமா, கீறல் விழுந்த சிடிகளுக்குப் பாலிஷ் போடும் இயந்திரம் ஒன்றை வாங்கி வந்தார். பார்ப்பதற்கு இட்லிச் சட்டி மாதிரி இருக்கும். சிடியை உள்ளே வைத்து, வெள்ளைப் பசையைத் தடவி மூடினால் மிக்ஸி போலக் கத்தும். மாமா அதன் பக்கத்தில் கைகட்டி நிற்கிற தோரணையைப் பார்த்தால் உள்ளே ஏதோ பெரிய ஆபரேஷன் நடக்கிறது என்றே தோன்றும். கடைக்கு வருகிறவர்கள் போதாமல் சொந்தக்காரர்கள் வீட்டு சிடிகளையும் தேடிப் பிடிக்க ஆரம்பித்தார்.

காக்ஸ் டவுன் பெரியம்மாவின் சிடியைப் பற்றி அவரிடம் சொன்னது நான்தான். அது பெரியம்மாவின் மகள், என் அக்காவின் கல்யாண சிடி. அக்கா துபாய்க்குப் போய்விட்டாள். அடுத்த வருடமே பெரியப்பா இறந்துபோனார். லீவு நாட்களில் பகலெல்லாம் நான் பெரியம்மா வீட்டில்தான் இருப்பேன். மத்தியானம் தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டு அவர் அந்த சிடியைப் போடுவார். பந்தியில் பிரியாணி வாளியோடு போகிற பெரியப்பா, கேமராவுக்குப் பக்கத்தில் நின்ற பெரியம்மாவிடம் திரும்பி, “நீ சாப்ட்டியா?” என்பார். சரியாக அந்த இடத்தில் கீறல். படம் தடுமாறிப் பின்னால் போகும். பெரியப்பா மறுபடியும் திரும்பி, “நீ சாப்ட்டியா?” என்பார். நாலைந்து தடவை கேட்ட பிறகுதான் நகர்வார். பெரியம்மாவும் சளைக்காமல், “சாப்டறேன், சாப்டறேன்” என்று பதில் சொல்லிக்கொண்டே பிசைவார். கெட்டுப்போன சிடியோடு தினமும் மல்லுக்கட்டுகிறாரே என்று எனக்குப் பாவமாக இருக்கும்.

“பெரியம்மாகிட்ட மூச்சு விடாத, சர்ப்ரைஸா இருக்கட்டும்” என்றார் மாமா. சிடியை எடுத்துப்போய்க் கொடுத்தேன். பாலிஷ் போட்டு, துணியால் துடைத்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். முகம் பார்க்கலாம் போல மின்னியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மறுநாள் மாமாவே வந்து போட்டுக் காட்டினார். பெரியம்மா வழக்கம்போலத் தட்டோடு உட்கார்ந்தார். பெரியப்பா திரும்பினார், கேட்டார், போய்விட்டார். பெரியம்மா வாயைத் திறப்பதற்குள் படத்தில் ஐஸ்கிரீம் வந்துவிட்டது.

“அவ்ளோதானாடா?”

“அவ்ளோதான்க்கா! ஒரு கோடு இல்ல பாரு, வெண்ணெ மாதிரி ஓடுது.”

பெரியம்மா தம்பியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “நல்லா பண்ணியிருக்கடா” என்றார். மாமா சிரித்துக்கொண்டே கடைக்குக் கிளம்பினார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

“இத முன்ன மாதிரி பண்ண முடியுமா கண்ணு?” என்று என்னிடம் கேட்டார் பெரியம்மா.

அவருடைய கஷ்டம் எனக்கு உடனே புரிந்துவிட்டதாக நினைத்தேன். ரிமோட்டைக் கையில் கொடுத்து, இந்தப் பொத்தானை அழுத்தினால் போதும், பெரியப்பாவை எத்தனை தடவை வேண்டுமானாலும் கேட்க வைக்கலாம் என்று பொறுமையாக விளக்கினேன்.

“நாமளா கேக்க வெக்கறதும் அவரா கேக்கறதும் ஒண்ணா?”

“ஒண்ணுதான் பெரியம்மா” என்று சொல்லி, அழுத்தியும் காட்டினேன்.