நாலு பத்துக்கு உள்ளே போகும் பட்டன்

2024 ஒக்டோபர் 19, சனிக்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்தேன். ஏழு மணிக்குள் உடுப்பு துவைத்துக் காயப்போட்டேன். ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரை ஒன்பதாம் வகுப்பின் கணிதத் தாள்கள் முப்பத்தெட்டையும் திருத்தி முடித்தேன். பன்னிரண்டுக்கு மழை பிடித்தது, உடுப்பை உள்ளே எடுத்தேன். பகல் சாப்பாடு சோறு, பருப்பு, போஞ்சிக்காய்.

இதெல்லாம் அன்றைக்கே என் நாட்குறிப்பில் எழுதியது. இருபத்தேழு வருடமாக எழுதுகிறேன். இதை ஏன் முதலில் சொல்கிறேன் என்றால், நான் எதையும் கூட்டிச் சொல்கிற ஆள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும். பேய், ஆவி, சகுனம் ஒன்றிலும் எனக்கு நம்பிக்கை இருந்ததில்லை. பள்ளியில் பிள்ளைகள் கழிவறைப் பக்கம் யாரோ முனகுவதாக அலறியபோது டோர்ச்சை எடுத்துக்கொண்டு போனது நான்தான், அது தண்ணீர்க் குழாய்.

விஷயம் அத்தானின் பழைய ஸ்டீரியோ ரிசீவரைப் பற்றியது. அக்காவின் கணவர் செப்டெம்பரில் காலமானார். அக்கா ஆறு வருடமாக அம்பிட்டியவில், அந்த வீட்டின் பின் அறையில் படுத்த படுக்கை. பகலில் பார்த்துக்கொள்ள சரோஜா வருவாள், இரவுக்கு அத்தான் இருந்தார், இப்போது இல்லை. நான் கட்டுக்கலையில் இருந்துகொண்டு, பள்ளிக்கும் போய்க்கொண்டு, தினமும் இரவு அம்பிட்டிய மேட்டில் ஏறி விடிய இறங்கி வந்தால் எத்தனை நாள் தாங்கும்? எங்கள் வீட்டுக்கு வந்துவிடு என்று கருமாதி முடிந்ததிலிருந்து கெஞ்சினேன், கோபித்தேன், அழக்கூடச் செய்தேன். அக்கா ஒரே பதிலைத்தான் வைத்திருந்தாள்.

“பின்னேரத்துல நான் இங்க இருக்கணும்டி.”

“பின்னேரம் எங்க வீட்லயும் வருதுதானே அக்கா?”

அதற்குப் பிறகு சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். கடைசியில் நானே முடிவெடுத்து, 20ஆம் தேதி ஞாயிறு காலை ஏழரைக்கு அவளை ஏற்றிவர வாடகை வான் பேசிவிட்டேன்.

அவளைக் கொஞ்சமாவது சமாதானப்படுத்தலாம் என்று நினைத்துத்தான் 11ஆம் தேதி ரிசீவரையும் கசெட் டெக்கையும் முன் ஹோலில் இருந்த இரண்டு ஸ்பீக்கர்களையும் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அக்காவின் கல்யாண மேளம் கம்பளையில் பதிவானது, ஒரே ஒரு கசெட்தான். அதை என் போனில் பதிந்து கொடுத்தால் எங்கே படுத்திருந்தாலும் கேட்கலாமே என்பது என் கணக்கு.

அந்த ரிசீவரின் முன்பக்கத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரிமோட் எப்போதோ தொலைந்துவிட்டது, எல்லாம் முன்பக்கத்தில்தான். இடப்பக்கம் பவர், வலப்பக்கம் பெரிய வொலியூம் திருகு, நடுவில் ரேடியோவா கசெட்டா என்று தெரிவுசெய்யும் திருகு, அதற்குக் கீழே ஸ்பீக்கருக்கு ஏ, பி என்று இரண்டு பட்டன்கள். ஏ முன் ஹோலுக்கு, பி அக்காவின் அறைக்கு. ஒன்றை அமுக்கினால் உள்ளே போய் நின்றுகொள்ளும், மற்றது “டக்” என்று வெளியே வரும். அத்தான் தினமும் சரியாக பின்னேரம் நாலு பத்துக்கு அந்தக் கல்யாணக் கசெட்டைப் போட்டு பி பட்டனை அமுக்கிவிட்டு, சத்தமே இல்லாத ஹோலில் ரிசீவருக்கு முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருப்பார். நான் போகும் நாட்களில் இதென்ன மனிதர் என்று நினைத்துக்கொள்வேன்.

பி கம்பிகளைக் கழற்ற எனக்கு முடியவில்லை. திருகாணி துருப்பிடித்திருந்தது. கத்தரியால் வெட்டி, அந்த வீட்டுச் சுவரோரம் தொங்கிய முனைகளுக்கு டேப் சுற்றிவிட்டு வந்தேன். என் வீட்டில் பி பட்டனுக்கு எதுவுமே இணைக்கப்படவில்லை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

12ஆம் தேதி மூன்றே முக்காலுக்கு கசெட்டைப் போட்டு, ஏயை அமுக்கி, ஸ்பீக்கர் முன்னால் போனை வைத்தேன். மேளம் நன்றாக வந்தது. நாலு பத்துக்கு “டக்”. சத்தம் இல்லை. போய்ப் பார்த்தால் பி உள்ளே இருக்கிறது. ஏயை அமுக்கினேன், ஒரு நிமிடத்தில் மறுபடி “டக்”. 13ஆம் தேதியும் அதே, 14ஆம் தேதியும் அதே, நேரமும் அதே. ஸ்பிரிங் தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். தேய்ந்த ஸ்பிரிங் பட்டனை வெளியே விடும், உள்ளே எப்படி இழுக்கும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். எரிச்சலில் யோசிக்கவில்லை.

இவருக்கு, அதாவது என் வீட்டுக்காரருக்கு, ஒரே சிரிப்பு. “டீச்சர், அதுக்கும் நீங்க பாடம் எடுத்துப் பாருங்களேன்” என்றார்.

15ஆம் தேதி காலை டவுனில் ரேடியோ பழுது பார்க்கும் முஸ்லிம் கடைக்காரரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுபவரிடம், ரிசீவரைக் கசெட்டோடு சேர்த்துக் கொடுத்தேன். 16ஆம் தேதி இரவு ஏழு மணிக்குத் திரும்ப எடுக்கப் போனபோது அவர் கையை விரித்தார்.

“ரெண்டு நாளா ஓட உட்டுப் பாத்தேன் மிஸ், ஒரு தடவயும் மாறல்ல. பட்டன் புதுசு போல ஈக்கி.”

“வீட்ல மாறுது நானா.”

“அப்ப ஊட்டைத்தான் மிஸ் ரிப்பேர் பண்ணோணும்.”

பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். 17ஆம் தேதி, 18ஆம் தேதி, மறுபடி நாலு பத்துக்கு “டக்”. கசெட்டை மூன்றரைக்குத் தொடங்கினாலும் நாலுக்குத் தொடங்கினாலும் நாலு பத்து. காலையிலோ இரவிலோ பதிந்திருக்கலாம், ஒரு பட்டனுக்குப் பயந்து நேரத்தை மாற்றுவதா என்ற வீம்பு எனக்கு. என் போனில் ஐந்து பதிவுகள், ஐந்தும் பாதி மேளம், ஒரு “டக்”, பிறகு மழைச் சத்தம்.

சனிக்கிழமைக்கு வருகிறேன். மறுநாள் வான் வரப்போகிறது, பதிவு இன்னும் ஆகவில்லை. மூன்று ஐம்பதுக்கு பி பட்டனுக்குக் குறுக்கே, மருந்து கட்டும் வெள்ளைப் பிளாஸ்டரை இரண்டு வரிசை ஒட்டினேன். ஏயை அமுக்கினேன். கதிரையை இழுத்துப் போட்டு ரிசீவரை முறைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இவர் உள்ளே படுத்திருந்தார், வீட்டில் வேறு யாரும் இல்லை.

நம்பினால் நம்புங்கள், நாலு பத்துக்கு பிளாஸ்டரின் நடுப்பகுதி மெதுவாகக் குழிந்தது. நாங்கள் விரலால் அமுக்கும்போது எப்படிக் குழியுமோ அப்படி, அவசரமில்லாமல். “டக்”. மேளம் நின்றது. எனக்குப் பயம் வந்திருக்க வேண்டும், வந்தது கோபம். ஏயை அமுக்கினேன். பிளாஸ்டர் மறுபடி குழிந்தது. அமுக்கினேன். குழிந்தது. மூன்றாவது தடவை ஏயைக் கட்டைவிரலால் அமுக்கியபடியே பிடித்துக்கொண்டேன். விரலுக்குக் கீழே அது வெளியே வரப் பார்த்தது. முரட்டுத்தனமாக இல்லை. வழி மறித்து நிற்பவரிடம் கொஞ்சம் தள்ளுங்கள் என்பதைப் போல. விரல் வலித்து எடுத்தேன், “டக்”. “போதும்!” என்று கத்திவிட்டுச் சுவரிலிருந்து பிளக்கைப் பிடுங்கினேன். மணி நாலு இருபத்தாறு.

நாலு இருபத்தெட்டுக்கு போன் அடித்தது. அக்கா.

“ஏன்டி, இன்னைக்கு மட்டும் ஏன் பாதியில நின்னுருச்சு?”

“என்னது நின்னுச்சு?”

“மேளம்டி. தாலி கட்டுற கெட்டிமேளம் வரப்போகுது, சட்டுனு நின்னுருச்சு. அதுக்கு முன்னயே மூணு தடவ விட்டு விட்டு வந்துச்சு.”

“எங்க கேட்ட அக்கா?”

“எங்க கேப்பேன்? தலமாட்டு ஸ்பீக்கர்லதான். நீ வயர வெட்டுன அன்னைக்கு, இனி வராதுன்னு நெனச்சு அழுதேன். மறுநாள் பின்னேரமே வந்துருச்சு. செவ்வாயும் புதனும் மட்டும் வரல. அந்த ரெண்டு நாளும் எனக்குச் சோறு எறங்கல.”

செவ்வாய் 15, புதன் 16. ரிசீவர் நானாவின் கடையில் இருந்த நாட்கள். கடைக்குக் கொடுத்ததை அக்காவிடம் நான் சொல்லவில்லை, நாட்குறிப்பில் மட்டும்தான் எழுதியிருந்தேன்.

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“சொன்னா பைத்தியம்னு நீ என்னைய அன்னைக்கே தூக்கிட்டுப் போயிருப்ப. அங்க வந்துட்டா அவரு யாருக்குப் போடுவாரு, சொல்லு?”

போனை சரோஜாவிடம் கொடுக்கச் சொன்னேன். “சத்தியமா எனக்கு ஒன்னும் கேக்கல மிஸ்” என்றாள். “ஆனா அக்கா வெரலால கட்டில்ல தாளம் போட்டுக்கிட்டே இருந்தாங்க. இப்பதான் நிப்பாட்டுனாங்க.”

நான் எதையும் விளக்க வரவில்லை. மின்சுற்றின் படத்தைக் காகிதத்தில் வரைந்து பார்த்தேன், கம்பி இல்லாமல் சத்தம் நான்கு கிலோமீட்டர் போக வழி கிடையாது. பிளாஸ்டரை உரித்தபோது அதில் விரல் நுனியளவு குழி அப்படியே இருந்தது. அதை நாட்குறிப்பின் அன்றைய பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். என் விரல் அதைவிடச் சிறியது.

மறுநாள் ஞாயிறு, ஏழரைக்கு வான் வந்தது. முதல் வேலையாக ரிசீவரையும் டெக்கையும் ஸ்பீக்கர்களையும் அதில் ஏற்றினேன், கூடவே என் உடுப்புப் பெட்டியையும். அம்பிட்டியவில் இறங்கி, வெட்டிய கம்பி முனைகளை நானே சீவி, துருவைச் சுரண்டி, ரிசீவரின் பி பக்கம் எஞ்சியிருந்த கம்பித் துண்டுகளோடு இறுக்கமாக முறுக்கினேன். கசெட்டைப் போட்டு, பி பட்டனை என் விரலால் அமுக்கினேன். ஹோலில் சத்தமில்லை, உள் அறையிலிருந்து மேளம் கேட்டது, எனக்கும் சரோஜாவுக்கும் நன்றாகவே கேட்டது.

அக்கா உள்ளேயிருந்து கூப்பிட்டாள்.

“என்னடி செஞ்ச? நேத்து மாதிரித் தெளிவா இல்லையே.”