வால் சக்கரம் வைத்த விமானம்

எங்கள் குடும்பத்துக்குத் திருத்தணியிலிருந்து திருப்பதிக்குப் போகும் பஸ்கள் இருந்தன. யுத்த வருஷங்களில் பெட்ரோல் கிடைக்காமல், பஸ்ஸின் பின்னால் கரி அடுப்பைக் கட்டி அந்தப் புகையில் ஓட்டினோம். மேடு வந்தால் ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். அரக்கோணம் பக்கத்தில் சேனைக்காரர்கள் போட்டிருந்த ஓடுதளத்தில் விமானங்கள் இறங்குவதை நான் பார்த்தது அப்போதுதான். பார்த்த நாளிலிருந்து மனம் பஸ்ஸில் நிற்கவில்லை.

யுத்தம் முடிந்ததும் ஞாயிற்றுக்கிழமைகளில் ரயிலேறிப் பட்டணத்துக்குப் போய் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டேன். என் அப்பாவை நாங்கள் நைனா என்று கூப்பிடுவோம். அவர் தடுக்கவில்லை. லைசென்ஸ் வந்த அன்று மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்.

"கத்துக்கினே, சரி. அத்த வாங்கி வூட்டுக்கு இஸ்துகினு வராதே."

சுதந்திரம் வந்த மறு வருஷம் பங்குனியில், பெங்களூரில் ஒரு காப்பித் தோட்டத்து வெள்ளைக்காரர் ஊரைவிட்டுப் போகிறார், அவருடைய சிறிய விமானம் விற்பனைக்கு இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். பெங்களூரில் என் மனைவியின் சொந்தத்தில் ஒரு கல்யாணமும் இருந்தது. இருவரும் கிளம்பினோம். நைனாவிடம் கல்யாணத்தைப் பற்றி மட்டும் சொன்னேன்.

அமெரிக்கச் சேனை விட்டுப்போன விமானம் அது. பச்சை வண்ணத்தின் மேல் யாரோ அவசரமாக வெள்ளை பூசியிருந்தார்கள். முன்னால் ஒருவர், பின்னால் ஒருவர் உட்காரும்படி இரண்டே இருக்கை. பின்னால் இருப்பவர்தான் ஓட்ட வேண்டும். நான் பழகிய விமானத்துக்கு வாலின் கீழே ஒரு கட்டை இருக்கும். இறங்கியதும் அது புல்லில் தேய்ந்து வண்டியைப் பிடித்து நிறுத்தும். இதில் கட்டைக்குப் பதில் உள்ளங்கை அகலத்தில் ஒரு சக்கரம். பஸ்ஸை வேகமாகப் பின்னுக்கு ஓட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் குணம் புரியும். தரையில் ஓடும்போது கொஞ்சம் அசந்தால் வால் முன்னால் வரப் பார்க்கும். இரண்டு கால்மிதிகளை மாற்றி மாற்றி அழுத்தித்தான் அதை நேராகப் பிடிக்க வேண்டும்.

வெள்ளைக்காரர் என்னோடு நாலைந்து சுற்று வந்தார். மூன்றாவது முறை இறங்கியபோது, சக்கரம் தரையில் பட்டு ஓடியபிறகு, இனி என்ன என்று நான் காலைத் தளர்த்தினேன். முன்பக்கம் ஒரேயடியாகப் பக்கவாட்டில் திரும்பியது. முன் இருக்கையிலிருந்த அவர் தன் பக்கத்து மிதியை உதைத்து நேராக்கினார். கோபிக்கவில்லை. வண்டி நின்று, விசிறி நின்று, நீ இறங்கி அதைக் கட்டிப்போடும் வரைக்கும் இறங்குதல் முடியவில்லை என்று நினைத்துக்கொள் என்று இங்கிலீஷில் சொன்னார். எனக்கு முகம் சுட்டது. இருந்தாலும் அன்றைக்கே விமானம் என் பெயருக்கு மாறிவிட்டது.

என் அக்காவின் புருஷனைப் பாவா என்போம். எங்கள் பஸ்களை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊரான திருத்தணிக்கு வெளியே இருக்கும் ஏரி வற்றிக் கட்டாந்தரையாகக் கிடந்ததால், தாசில்தாரிடம் சொல்லி அங்கே இறங்குவது என்று அவரும் நானும் முன்பே பேசி வைத்திருந்தோம். காலையில் வருகிறேன், வைக்கோல் போட்டுப் புகை காட்டு என்று அவருக்குத் தந்தி கொடுத்தேன். புகையைப் பார்த்தால் ஏரியும் தெரியும், காற்று எந்தப் பக்கம் என்பதும் தெரியும்.

மனைவியை ரயிலில் அனுப்புவதாகத்தான் ஏற்பாடு. அவள் ஒப்பவில்லை.

"ரயில்ல நான் போயி, நீங்க வந்தீங்களா இல்லையான்னு ஸ்டேஷன்லயே குந்திகினு இருக்கணுமா?"

"புதுசு. இன்னும் எனக்கே கை பழகல."

"அதான் சொல்றேன். நானும் வர்றேன்."

முன் இருக்கையில் அவளை உட்காரவைத்தோம். அங்கேயும் விமானத்தை ஓட்டும் கைப்பிடி ஒன்று இருந்தது. வெள்ளைக்காரர் அதைக் கழற்றி எடுத்துவிட்டார். கால்மிதிகளைக் கழற்ற முடியாது. தவறிக் கால் பட்டால் விமானம் திரும்பிவிடும் என்றேன். அவள் யோசித்துவிட்டு, பந்தியில் உட்காருவதைப் போல இருக்கையில் சம்மணம் போட்டுக்கொண்டாள். அந்தச் சின்ன இடத்தில் அது எப்படி முடிந்தது என்று தெரியவில்லை.

பெங்களூரை விட்டு ரயில் பாதையைப் பிடித்துக்கொண்டு கிழக்கே பறந்தோம். பாதையை விடாமல் போனால் ஜோலார்பேட்டை, காட்பாடி, அப்பால் நம் பக்கம். இந்த விமானத்தில் பெட்ரோல் அளவு காட்ட முள் கிடையாது. தொட்டிக்குள் ஒரு தக்கை மிதக்கும். அதில் குத்திய கம்பி கண்ணாடிக்கு முன்னால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். பெட்ரோல் குறையக் குறையக் கம்பி உள்ளே இறங்கும். முன்னால் இருந்த அவள் கண்ணுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். கம்பியைப் பார்த்துக்கொண்டே வா என்று சொல்லி வைத்திருந்தேன்.

எதிர்க்காற்று நான் கணக்குப் போட்டதைவிடப் பலமாக இருந்தது. ஜோலார்பேட்டை தாண்டிக் கீழே ஒரு ரயில் வந்தது. அதை முந்துவோம் என்று பார்த்தேன். அது எங்களோடு கூடவே வந்தது. வெகு நேரம் அப்படியே வந்து, பிறகு மெல்ல முன்னால் போய்விட்டது. அவள் திரும்பி என்னைப் பார்த்தாள்.

ஆம்பூருக்கு முன்னால் மலைக்காடு எரிந்துகொண்டிருந்தது. பங்குனியில் காய்ந்த புல் பற்றிக்கொள்வது அந்தப் பக்கத்தில் வழக்கம். புகை பள்ளத்தாக்கில் இறங்கி, பாதையை முழுக்க மூடியிருந்தது. உள்ளே நுழைந்தால் இரண்டு பக்கமும் மலை. நான் வடக்கே ஒதுங்கி, மலையைச் சுற்றிக்கொண்டு போய் அந்தப் பக்கம் மறுபடியும் பாதையைப் பிடிக்கலாம் என்று திரும்பினேன். சுற்றினேன். ஆனால் பாதை கிடைக்கவில்லை. கீழே குன்றுகள், பனை மரங்கள், வெளுத்த வயல்கள், புழுதி மூட்டம். எல்லாம் ஒரே மாதிரி இருந்தது. திசைகாட்டியை நம்பிக் கிழக்கே ஓட்டினேன்.

"கம்பி எவ்ளோ இருக்குது?" என்று கத்தினேன்.

அவள் கையைப் பின்னால் நீட்டி, விரலில் ஒரு கணு அளவைத் தொட்டுக் காட்டினாள்.

அப்போதுதான் மூட்டத்துக்கு நடுவே ஒரு பெரிய மலை எழும்பி வந்தது. உச்சியில் கோயில். படிக்கட்டு வெள்ளையாகக் கீழே வரைக்கும் ஓடியது. திருத்தணி வந்துவிட்டது என்று எனக்கு உயிர் வந்தது. என்ஜினைக் குறைத்து விமானத்தை இறக்கத் தொடங்கினேன். மலைக்கு அடியில் ஊர் தெரிந்தது. ஏரியும் தெரிந்தது. ஆனால் அதில் தண்ணீர் பளபளத்தது. புகையும் இல்லை.

"பாவா கோட்ட உட்டாரு," என்றேன். "வேற எடம் பாக்கணும்."

என்ஜின் சத்தம் குறைந்திருந்ததால் அவளுக்குக் கேட்டது. "இது நம்ம ஊரு இல்லீங்க. சோளிங்கர்."

"இன்னா சொல்றே? மலை, கோயிலு, படிக்கட்டு…"

"பக்கத்துல ஒரு சின்ன மலை இருக்குது பாருங்க. அதுலயும் கோயிலு. கார்த்திகைக்குக் கார்த்திகை ரெண்டும் ஏறி எறங்குறேன், எனக்குத் தெரியாதா?"

எனக்குச் சின்ன மலை எதுவும் கண்ணில் படவில்லை. இறக்கைக்குக் கீழே மறைந்திருந்தது போல. இங்கேயே ஏதாவது வயலில் இறங்கினால் உயிர் தப்பும், விமானம் போகும். அவள் சொல்வதை நம்பிப் போனால், அது சரியாக இருக்கும் வரைக்கும் நல்லது. தப்பாக இருந்தால் என்ஜின் நின்றபிறகு கிடைத்த இடத்தில் இறங்க வேண்டும்.

"நிச்சயமா?"

"ஆங். நிச்சயம்."

விமானத்தை ஒரு பக்கம் சாய்த்தேன். இறக்கை விலகியதும் அந்தச் சின்ன மலை தெரிந்தது. அதன்மேல் கோபுரமும் தெரிந்தது. என்ஜினைக் கூட்டி வடகிழக்கே திருப்பினேன்.

அந்தக் கடைசித் தூரம் முழுக்க அவள் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கீழே வயல்களைப் பார்த்துக்கொண்டு போனேன். இப்போது நின்றால் அந்தத் தரிசு, இப்போது நின்றால் அந்தக் கேழ்வரகுக் கொல்லை என்று ஒவ்வொன்றாகத் தேர்ந்துகொண்டே வந்தேன். ரயில் பாதை தெரிந்தது. பிறகு எங்கள் மலை, அடிவாரத்துக் குளம், தேர் வீதி. வைக்கோல் புகை மேற்குப் பக்கமாகச் சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு கைகளையும் கூப்பினாள்.

ஏரிக்கு மேலே வந்து பார்த்தேன். ஊரே ஏரிக்குள் நின்றது. காற்றை எதிர்த்துக் கிழக்கே இறங்குவதற்கு நான் வைத்திருந்த நீளமான இடத்தில் ஜனம், மாட்டு வண்டி, குடை. பக்கத்து நெசவு ஊரான பொதட்டூர்பேட்டையிலிருந்தும் தறியை நிறுத்திவிட்டு வந்திருந்தார்கள் என்று பிற்பாடு தெரிந்தது. பாவா எங்கள் பஸ்ஸை ஏரிக்குள் கொண்டுவந்து, ஹாரனை அடித்துக்கொண்டே முன்னும் பின்னும் ஓட்டி ஜனங்களை விலக்கிக்கொண்டிருந்தார். பஸ் போன பக்கம் விலகினார்கள். அது திரும்பியதும் மறுபடியும் கூடிக்கொண்டார்கள்.

தாழ்வாக ஒரு முறை அவர்கள் தலைக்கு மேலே பறந்தேன், கலைவார்கள் என்று. கையை ஆட்டினார்கள்.

"கம்பி?"

"அசையவே இல்லீங்க. அடியில குந்திகிச்சு."

காலியாக இருந்தது கிழக்குக் கரை ஓரம் மட்டும்தான். தெற்கிலிருந்து வடக்கே கரையை ஒட்டி ஒரு துண்டு நிலம். அங்கே இறங்கினால் காற்று வலது பக்கத்திலிருந்து அடிக்கும். பக்கக் காற்றில் வால் சக்கரத்தோடு நான் ஒரு முறைகூட இறங்கியதில்லை. வேறு வழியும் இல்லை.

"கெட்டியா பிடிச்சுக்கோ."

வலது இறக்கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு வந்தேன். வலது சக்கரம் முதலில் தொட்டது. குதித்தது. மறுபடியும் தொட்டது. இடது சக்கரம், பிறகு வால். கட்டாந்தரை கடகடவென்று ஓடியது. காலைத் தளர்த்தக் கூடாது, தளர்த்தக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது காற்று வாலைப் பிடித்துத் தள்ளியது. முன்பக்கம் வலப்புறம், கரையை நோக்கித் திரும்பியது. இடது மிதியை முழுக்க அழுத்தினேன். விமானம் நேராகி, அதற்கும் மேலாக இடப்புறம் போகத் தொடங்கியது. இடப்புறம் ஜனங்கள் நின்றார்கள். விலகாமல் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு நின்றது எனக்குத் துல்லியமாகத் தெரிந்தது.

வலது மிதியை ஒரே உதையாக உதைத்தேன். வால் சுழன்று முன்னால் வந்தது. இடது இறக்கையின் நுனி தரையில் இழுபட்டுக் கிழிந்தது. ஏரி, கரை, மலை எல்லாம் கண்ணாடிக்குள் ஒரு சுற்று வந்தன. விமானம் தான் வந்த வழியையே பார்த்துக்கொண்டு புழுதிக்குள் நின்றது. நான் சுவிட்சை அணைத்தேன்.

"ஏய்," என்றேன். அவள் நெற்றி முன்னால் இருந்த குழாயில் மோதி, புருவத்துக்கு மேலே ரத்தம் கசிந்தது. "கால் மரத்துப்போச்சு, பிரிக்க முடியல," என்றாள்.

புழுதி அடங்குவதற்குள் ஜனங்கள் சூழ்ந்துகொண்டார்கள். பாவா பஸ்ஸிலிருந்து குதித்து ஓடிவந்து, இறக்கைமேல் கை வைத்தவர்களைத் தள்ளிவிட்டார். அவருக்குப் பின்னால் நைனா வந்தார். வரமாட்டார் என்றுதான் எண்ணியிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. நேராக மருமகளிடம் போய், கையைக் கொடுத்து இறக்கினார். தோளில் இருந்த துண்டை எடுத்து அவள் நெற்றியில் அழுத்தினார்.

"இன்னாம்மா, நீயுமா?"

"நான்தான் வர்றேன்னு அடம் பிடிச்சேன் மாமா. அவர் வேணாம்னுதான் சொன்னாரு."

நைனா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கிழிந்த இறக்கையைப் பார்த்தார். தரையில் சக்கரங்கள் போட்டிருந்த வட்டத்தைப் பார்த்தார். அது எங்கே தொடங்குகிறது, ஜனங்கள் எங்கே நின்றார்கள் என்று கண்ணால் அளந்தார். பஸ் விபத்து நடந்த இடத்தில் அவர் அப்படித்தான் பார்ப்பார்.

"நீயாத்தான் திருப்பினியா?"

"ஆமா நைனா."

அவர் தலையை ஆட்டிவிட்டுப் பாவாவைப் பார்த்து, "கயிறு கட்டி ஷெட்டுக்கு இஸ்துகினு போங்க, வெயில்ல கிடக்க வேணாம்," என்றார். அந்த வாரம் முழுக்க என்னிடம் பேசவில்லை.

இறக்கையின் உள்ளே நான்கைந்து மரச் சட்டங்கள் உடைந்திருந்தன. பட்டணத்திலிருந்து ஆள் வந்து சரிசெய்து, புதுத் துணி போர்த்தி, இனிப் பறக்கலாம் என்று சான்று கொடுத்துவிட்டுப் போனார். அதன்பிறகு நான் அந்த விமானத்தைப் பறக்க வைப்பதைவிடத் தரையில் ஓட்டுவதைத்தான் அதிகம் பழகினேன். அரக்கோணத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த ஓடுதளத்தில், காற்று அடிக்கும் சாயங்காலங்களில், இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு வாலைப் பிடித்து ஓட்டுவேன். ஆடிக் காற்று ஓய்வதற்குள் கால் தானாகவே வேலை செய்யத் தொடங்கியது. எந்தக் காலை எப்போது அழுத்துகிறேன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

நைனா கடைசி வரைக்கும் அதில் ஏறவில்லை. ஆனால் மறுபடியும் நான் ஏரியில் இறங்கப் போகிறேன் என்று தெரிந்த அன்று, யாரும் கேட்காமலே எங்கள் கண்டக்டர்கள் எல்லாரையும் காலையிலேயே அங்கே அனுப்பி, சவுக்குக் கட்டைகளை நட்டு, ஏரியின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் கயிறு கட்டச் செய்திருந்தார். கயிற்றுக்கு அந்தப் பக்கம் ஊர் நின்றது. இந்தப் பக்கம் அவர் ஒருவர் மட்டும் குடையோடு நின்றார். நான் இறங்கி, ஓடி, நின்று, கட்டிப்போடும் வரைக்கும் அவர் குடையை மடக்கவில்லை.